டேக்கிள் இல்லாத பயிற்சி, 489 வெற்றிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீண்ட காலம் பணியாற்றிய பயிற்சியாளர்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையில், அமெரிக்கக் கால்பந்தில் இதுவரை அதிக வெற்றி பெற்றவர் டான் ஷூலா என்றும், அவர் கணக்கில் 347 வெற்றிகள் என்றும் இருந்தது. எண் சரிதான், ஆனால் அது என்.எஃப்.எல். என்னும் தொழில்முறைப் போட்டிக்கு மட்டும் உரிய கணக்கு. வழக்கமான பருவ ஆட்டங்களில் 328, பருவ முடிவில் பட்டத்துக்காக நடக்கும் பிளே-ஆஃப் ஆட்டங்களில் 19, ஆக 347. கல்லூரிக் களத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஷூலாவுக்கு மேலே ஆட்கள் இருக்கிறார்கள். லூசியானா மாநிலத்தின் கிராம்ப்ளிங் பல்கலைக்கழகத்தில் 1941-இல் தொடங்கி 1997 வரை இருந்த எடி ராபின்சனுக்கு 408 வெற்றிகள். எல்லோருக்கும் மேலே முதலிடத்தில் இருப்பவர் மினசோட்டா மாநிலத்தின் ஜான் கலார்டி: 489 வெற்றி, 138 தோல்வி, 11 சமன்.

எண்ணைத் திருத்த இரண்டு வரி போதும். ஆனால் அந்த 489 எப்படி வந்தது என்று சொல்லாமல் விட்டால் கலார்டியைப் பற்றி ஒன்றுமே சொல்லாததற்குச் சமம். பயிற்சித் திடலில் ஒருவரை ஒருவர் டேக்கிள் செய்யவே, அதாவது கட்டிப்பிடித்துத் தரையில் சாய்க்கவே கூடாது என்ற விதியை வைத்துக்கொண்டு அவர் இதைச் செய்தார். அந்த விதிக்கும் வெற்றிக்கும் உள்ள தொடர்பைத்தான் இந்தக் கடிதத்தில் விளக்க விரும்புகிறேன்.

முதலில் பணிக்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கலார்டி 1926 நவம்பர் 1 அன்று கொலராடோ மாநிலத்தின் டிரினிடாட் ஊரில் பிறந்தவர். 1943-இல் அவர் படித்த கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியின் பயிற்சியாளர் இரண்டாம் உலகப் போருக்காகப் படையில் சேர்க்கப்பட்டார். பயிற்சியாளர் இல்லாததால் அணியையே கலைத்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தபோது, அணித் தலைவராக இருந்த 16 வயதுக் கலார்டி அந்தப் பொறுப்பைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். 1949-இல் மொன்டானா மாநிலத்தின் ஹெலினாவில் உள்ள கேரல் கல்லூரிக்குப் போனார். நான்கு பருவங்களில் 24 வெற்றி, 6 தோல்வி, 1 சமன். 1953-இல் மினசோட்டாவின் காலேஜ்வில் ஊரில், பெனடிக்ட் சபைத் துறவிகள் நடத்தும் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 2012 வரை 60 பருவங்கள் அங்கேயே இருந்தார். அங்கு 465 வெற்றி, 132 தோல்வி, 10 சமன். தேசியப் பட்டம் நான்கு முறை கிடைத்தது: 1963, 1965, 1976, 2003. ராபின்சனின் 408-ஐ அவர் தாண்டியது 2003 நவம்பர் 8 அன்று, பெத்தல் அணியை 29-26 என்று வென்றபோது. அடுத்த மாதம் நடந்த தேசிய இறுதி ஆட்டத்தில், தொடர்ந்து 55 ஆட்டங்களில் தோற்காமல் வந்திருந்த மவுன்ட் யூனியனை 24-6 என்று வீழ்த்தியது அவருடைய அணி. 86-ஆம் வயதில் ஓய்வு பெற்றார். 2018 அக்டோபர் 7 அன்று, 91-ஆம் வயதில் காலமானார்.

இனி முறைக்கு வருகிறேன். இந்த விளையாட்டு பழக்கமில்லாத வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். பந்தோடு ஓடி வருபவரின் இடுப்பையோ தொடையையோ கட்டிப்பிடித்துத் தரையில் சாய்ப்பது டேக்கிள். பந்து வைத்திருப்பவருக்கு வழி கிடைக்கும்படி அவருடைய அணியினர் எதிராளியைத் தங்கள் உடலால் மறித்து நிற்பது பிளாக். இரண்டிலும் 90 கிலோ, 130 கிலோ உடம்புகள் மோதுகின்றன. ஆட்டம் வாரத்துக்கு ஒரு நாள், கல்லூரிகளில் பெரும்பாலும் சனிக்கிழமை. மீதி நாட்களில் பயிற்சி. அந்தப் பயிற்சியிலும் சனிக்கிழமை போலவே மோதிக்கொள்ள வேண்டும், மோத மோதத்தான் உடம்பு உறுதிப்படும் என்பது அமெரிக்கப் பயிற்சியாளர்களிடம் தலைமுறை தலைமுறையாக வேரூன்றியிருந்த நம்பிக்கை. தண்ணீர் கேட்டால் கொடுக்கக் கூடாது என்பதும் அந்த நம்பிக்கையின் ஒரு பகுதியாகவே ஒரு காலத்தில் இருந்தது. தாகத்தோடு ஓடவிட்டால் பையன்கள் வைரம் பாய்வார்கள் என்று நினைத்தார்கள்.

16 வயதில் பொறுப்பு கைக்கு வந்ததும் கலார்டி முதலில் நீக்கியவை, ஒரு விளையாட்டு வீரனாகத் தனக்கே பிடிக்காமல் இருந்தவைதாம். திடலைச் சுற்றி ஓடும் தண்டனை ஓட்டம், நீண்ட உடற்பயிற்சி, தண்ணீர் மறுப்பு எல்லாம் போயின. வயது ஏற ஏற நீக்கியவற்றின் பட்டியலும் வளர்ந்தது. விசில் இல்லை. பிளாக் செய்து பழகும் இரும்பு ஸ்லெட் இல்லை, மோதிப் பழகும் டம்மி மூட்டை இல்லை. கட்டாய எடைத் தூக்கல் இல்லை. வசந்த காலப் பயிற்சி இல்லை. மழையிலும் கடுங்குளிரிலும் கொசு மொய்க்கும் மாலையிலும் பயிற்சி இல்லை. திங்கட்கிழமை பயிற்சியே இல்லை. மற்ற நாட்களில் உச்சவரம்பு 90 நிமிடம். பல நாட்களில் அதைவிடக் குறைவு. செவ்வாய் முதல் வெள்ளி வரை கணக்கிட்டால் வாரத்துக்கு 6 மணி நேரத்தைத் தாண்டாது. பெரிய பல்கலைக்கழகங்கள் ஆடும் முதல் பிரிவில் வாரத்துக்கு 20 மணி நேரம் என்பது விதி அனுமதிக்கும் எல்லை. வீரர்கள் ஷார்ட்ஸோ ஸ்வெட் பேன்ட்டோ அணிந்து வருவார்கள். அவரை 'கோச்' என்று கூப்பிடக் கூடாது, 'ஜான்' என்றுதான் கூப்பிட வேண்டும்.

பயிற்சியின் தொடக்கத்தில் உடம்பைத் தளர்த்த ஒதுக்கிய நேரம் சில நிமிடங்கள். அதில் ஒரு 'பயிற்சி', வீரர்கள் எல்லோரும் புல்லில் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் கிடப்பவரிடம் இன்று நல்ல நாள் என்று சொல்வது. வேடிக்கையாகத் தெரியும். ஆனால் பயிற்சித் திடலுக்கு வர ஆசைப்படுகிறவன்தான் சொல்லிக்கொடுப்பதைக் காதில் வாங்குவான் என்பதில் கலார்டி உறுதியாக இருந்தார். அவருடைய அணி ஆடிய மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்காக உதவித்தொகை கிடையாது. அத்தனை பேரும் விரும்பி வந்தவர்கள். விரும்பி வந்த யாரையும் அவர் வெளியே அனுப்பவில்லை. அணியில் 150 பேருக்கு மேல் இருப்பது அங்கே வழக்கமாக இருந்தது. துணைப் பயிற்சியாளர்களோ சிலரே.

இத்தனையையும் கழித்தால் மீதி என்ன? ஆட்டத் திட்டங்களைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது. 11 பேர் வரிசையில் நிற்கிறார்கள். எதிரே இன்னொரு 11 பேர், அந்தச் சனிக்கிழமை எதிரணி எப்படி நிற்குமோ அப்படியே நிற்கிறார்கள். பந்து எடுக்கப்படுகிறது. ஒவ்வொருவரும் தன் முதல் அடியை எந்தத் திசையில் வைத்தார், யாரை நோக்கிப் போனார், பந்து வரும்போது எங்கே இருந்தார் என்பதைப் பார்த்து, தவறியவரிடம் சொல்லிவிட்டு, அதையே மறுபடி ஓட்டுகிறார்கள். எவரும் தரையில் விழாததால், குவியலிலிருந்து ஆட்களைப் பிரித்து எழுப்பி, தூசி தட்டி, மூச்சு வாங்கி நிற்கும் நேரம் மிச்சம். அந்த மிச்சத்தில் இன்னும் பல முறை ஓட்டலாம். 90 நிமிடம் எப்படிப் போதும் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். எந்தத் திட்டத்தை ஓட்டுவது என்று ஆட்டத்தின்போது முடிவு செய்யும் உரிமையைக்கூட, களத்தில் தாக்குதலை நடத்தும் வீரர்களான தன் குவார்ட்டர்பேக்குகளிடமே கலார்டி விட்டிருந்தார். எதிரணி நிற்கும் விதத்தைப் பார்த்தே புரிந்துகொள்ளும் அளவுக்குப் பழகியிருந்தால்தான் அது முடியும். 1993-இல் செயின்ட் ஜான்ஸ் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 61.5 புள்ளிகள் குவித்தது இப்படிப் பழகிய கால்களாலும் கண்களாலும்தான்.

சரி, டேக்கிள் செய்து பழகாதவர்கள் சனிக்கிழமை எப்படி டேக்கிள் செய்வார்கள்? எல்லோரும் கேட்கும் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. டேக்கிள் எங்கே தவறுகிறது என்று பார்த்தால் பதில் கிடைக்கும். பெரும்பாலும் அது மோதலில் தவறுவதில்லை. மோதலுக்கு முந்தைய மூன்று கெஜத்தில் தவறுகிறது. ஓடுகிறவர் இப்போது இருக்கும் இடத்தைக் குறிவைத்து ஓடினால், நாம் போய்ச் சேரும்போது அவர் அங்கே இருக்க மாட்டார். கையை மட்டும் நீட்டித் தொட நேரும், அவர் உதறிவிட்டுப் போய்விடுவார். அவர் போகப்போகும் இடத்தைக் குறிவைத்து, அதே சமயம் அவருக்கு அரை உடல் உள்பக்கமாகப் பின்தங்கி வர வேண்டும். அப்போதுதான் அவர் சட்டென்று உள்ளே வெட்டித் திரும்பினாலும் வழி அடைபட்டிருக்கும். நெருங்கியதும் அடிகளைக் குறுக்க வேண்டும், இடுப்பைத் தாழ்த்த வேண்டும். கண் அவர் முகத்திலோ தோளிலோ இருக்கக் கூடாது, இடுப்பில் இருக்க வேண்டும். தலையாலும் தோளாலும் ஆள் ஏய்க்கலாம், இடுப்பால் ஏய்க்க முடியாது. உடம்பு போகும் திசையில்தான் இடுப்பு போகும். கோணம், அடி, பார்வை ஆகிய இந்த மூன்றையும் யாரையும் இடிக்காமலே ஆயிரம் தடவை பழகலாம். கட்டிப்பிடித்துச் சாய்க்கும் கடைசி அரை விநாடிக்குத் தேவையான வலுவும் துணிச்சலும் கல்லூரிக்கு வரும் வீரனிடம் ஏற்கெனவே இருக்கும்.

டேக்கிள் இல்லாமல் பயிற்சி நடத்துவது எளிது என்று யாரும் எண்ண வேண்டாம். கவனமில்லாமல் செய்தால் சாதாரணப் பயிற்சியைவிட மோசமாகிவிடும். கலார்டியின் அணிக்கு என்றில்லை, இந்த வழியில் போகும் எந்த அணிக்கும் பொதுவாக வரும் கோளாறுகள் சில உண்டு. முதலாவது, டேக்கிள் இல்லை என்று தெரிந்ததும் தடுப்பாளர் இரண்டடி முன்பே நின்றுவிடுவார். சில வாரங்களில் அதுவே பழக்கமாகி, சனிக்கிழமையும் கால் தானாக நிற்கும். அதனால் இரண்டு கைகளாலும் ஓடுபவரின் இடுப்பைத் தொட்டாக வேண்டும், தொட்ட பிறகும் மூன்று நான்கு அடி தொடர்ந்து ஓட வேண்டும் என்று வைக்க வேண்டும். இதைவிட ஆபத்தானது அரைகுறை வேகம். ஒருவர் முழு வேகத்தில் வர, இன்னொருவர் பயிற்சிதானே என்று தளர்ந்து நிற்பார். எதிர்பார்க்காத நேரத்தில் வரும் இடிதான் முழங்காலையும் கணுக்காலையும் முறிக்கும். தரையில் விழுந்து கிடப்பவர் மேல் பின்னால் வருபவர் விழுவதும் இதே வகை. ஆகவே வேகம் எல்லோருக்கும் ஒன்று, தரையில் யாரும் விழக் கூடாது என்ற இரண்டு விதிகளும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஒன்றை விட்டால் மற்றது பயன்படாது.

பந்து வைத்திருப்பவரிடம் வேறொரு கோளாறு வரும். யாரும் இடிக்கப்போவதில்லை என்பதால் பந்தை ஒரு ரொட்டிப் பொட்டலம் போலத் தளர்வாகப் பிடித்து ஓடுவார். சனிக்கிழமை முதல் இடியிலேயே பந்து கையை விட்டுப் போகும். பந்தின் முன் கூர்முனையை விரல்கள் மூட வேண்டும், பின் முனை முழங்கை மடிப்பில் அழுந்த வேண்டும், அடிப்பக்கம் முன்கையிலும் உள்பக்கம் விலாவிலும் ஒட்டியிருக்க வேண்டும். இந்த நான்கு இடங்களில் ஒன்று தளர்ந்தாலும் பந்து நழுவும். உடலை இடிக்காமல் பந்தை மட்டும் தட்டிப் பறிக்கத் தடுப்பாளர்களுக்கு அனுமதி கொடுத்துவிட்டால் இந்தக் கோளாறு பெருமளவு சரியாகிவிடும்.

சரியாக நடந்தால் கிடைக்கும் பலன் எளிய கணக்கு. செவ்வாய்க்கிழமை தோள்பட்டை பிசகிய வீரர் சனிக்கிழமை ஆட மாட்டார். பயிற்சியில் காயமே குறைவாக உள்ள அணி, நவம்பர் மாதப் பட்டப் போட்டிக்குத் தன் முதல் 11 பேரை முழுசாகக் கொண்டு வரும். கலார்டி இந்த வழிக்கு வந்ததற்கு இந்தக் கணக்கு ஒரு காரணம், ஆட்டம் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் இன்னொன்று. மூளைக் காயம் பற்றிய இன்றைய அறிவு அப்போது இல்லை.

அந்த அறிவு பின்னால் வந்து சொன்னது என்ன? 2015 முதல் 2019 வரை ஐந்து பருவங்கள், முதல் பிரிவைச் சேர்ந்த ஆறு கல்லூரி அணிகளை ஆராய்ந்த முடிவு 2021-இல் ஒரு மருத்துவ இதழில் வெளியானது. கன்கஷன் எனப்படும் மூளை அதிர்ச்சிகளில் 72 சதவீதம் பயிற்சியில் நேர்ந்தவை, ஆட்டத்தில் அல்ல. தலையில் விழுந்த மொத்த அடிகளிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பயிற்சியில்தான். பருவம் தொடங்குவதற்கு முந்தைய பயிற்சிக் காலம் மொத்த நாட்களில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் அதிர்ச்சிகளில் ஏறக்குறைய பாதி அந்தக் காலத்தில் நேர்ந்தவை. பார்வையாளர் ஒருவரும் இல்லாத, புள்ளி ஒன்றும் எழுதப்படாத திடலில் வீரர்கள் மூளையைப் பறிகொடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு இதில் ஆத்திரம் உண்டு, தவிர்த்திருக்கக்கூடியவை என்பதால்.

விளையாட்டை நடத்துபவர்கள் மெதுவாகத்தான் நகர்ந்தார்கள். 2011-இல் என்.எஃப்.எல். வீரர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில், முழுக் கவசத்தோடு நடக்கும் பயிற்சி பருவம் முழுவதற்கும் 14 முறை மட்டும் என்று வந்தது. ஹார்வர்டு, யேல் முதலிய எட்டுப் பல்கலைக்கழகங்கள் ஆடும் ஐவி லீக் 2016-இல் பருவகாலப் பயிற்சியில் முழு மோதலை நிறுத்தியது. அதற்கு வழிகாட்டியவர் டார்ட்மவுத் கல்லூரியின் பயிற்சியாளர் பட்டி டீவன்ஸ். அவர் 2010-இலேயே தன் அணியில் வீரர் மேல் வீரர் டேக்கிள் செய்வதை அடியோடு நிறுத்திவிட்டார். வெற்றி மிதப்பில் எடுத்த முடிவல்ல அது. 2008-இல் அவருடைய அணி 10 ஆட்டங்களிலும் தோற்றிருந்தது. 2009-இல் இரண்டே வெற்றி. டேக்கிளை நிறுத்திய 2010-இல் 6 வெற்றி, 4 தோல்வி. பிறகு 2015, 2019, 2021 ஆண்டுகளில் ஐவி லீக் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது. 2023-இல் மறைந்த டீவன்ஸ் விட்டுச் சென்றவற்றில் ஒன்று, அக்கல்லூரியின் பொறியியல் பள்ளி மாணவர்கள் உருவாக்கிய, ஆளைப் போலத் திடலில் ஓடும் ரோபோ டம்மி. வீரர்கள் அதை டேக்கிள் செய்து பழகினார்கள்.

இருவரும் ஒரே வேலையைச் செய்தார்கள் என்று எழுதுவது சரியல்ல. டீவன்ஸ் மோதலைச் சக வீரனிடமிருந்து மூட்டைக்கும் ரோபோவுக்கும் மாற்றினார். வீரர்கள் கடைசி அரை விநாடியையும் பழகினார்கள். கலார்டி அந்த அரை விநாடியைப் பயிற்சியிலிருந்தே எடுத்துவிட்டார். இரண்டில் டீவன்ஸின் வழியே மற்றவர்கள் பின்பற்ற எளிது என்பது என் கருத்து. கலார்டியின் வழிக்கு அறுபது ஆண்டு மாறாத ஒரு தலைமையும், மூத்தவரைப் பார்த்து இளையவர் கற்கும் பெரிய அணியும் பின்னணியில் இருந்தன. வந்து இரண்டு ஆண்டில் வேலை போகுமோ என்ற பயத்தில் இருக்கும் பயிற்சியாளரிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

கலார்டியின் வீரர்களுக்கு மூளைக் காயமே வராது என்றும் சொல்லிவிடக் கூடாது. சனிக்கிழமை ஆட்டம் எல்லோருக்கும் முழு மோதல்தான். பாஸ்டன் பல்கலைக்கழகத்தினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், இறந்த கல்லூரி வீரர்கள் 53 பேரின் மூளைகளில் 48-இல் சி.டி.இ. என்ற சிதைவு நோய் இருந்தது. நோய்க்குறி இருந்தவர்களின் குடும்பங்களே பெரும்பாலும் மூளையைத் தானம் தருவதால், இதை எல்லா வீரர்களுக்கும் பொருந்தும் விகிதமாகக் கொள்ள முடியாது. ஆனாலும் தலையில் விழும் அடிகளின் எண்ணிக்கையையும் ஆண்டுகளையும் குறைப்பதே கையில் உள்ள வழி என்பதில் மருத்துவர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. பயிற்சி அடிகளை நீக்கினால் எவ்வளவு குறையும் என்பது மேலே சொன்ன எண்களிலேயே இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். திருத்தம் வெளியிடும்போது வெறும் 489 என்று மட்டும் போட வேண்டாம். செயின்ட் ஜான்ஸ் ஆடுவது கல்லூரிப் போட்டியின் மூன்றாம் பிரிவில்; ஷூலா பயிற்சி அளித்தது உலகின் தேர்ந்த தொழில்முறை வீரர்களுக்கு. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது இருவருக்கும் நியாயமாகாது. "தொழில்முறைப் போட்டியில் டான் ஷூலா, 33 பருவங்களில் 347; கல்லூரிப் போட்டியில் ஜான் கலார்டி, 64 பருவங்களில் 489, பயிற்சியில் டேக்கிள் இல்லாமல்" என்று மூன்று வரி போட்டால் போதும். அந்தக் கடைசி இரண்டு சொற்களை இடம் இல்லை என்று தயவுசெய்து வெட்டிவிட வேண்டாம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் விளையாட்டுப் பக்க வாசகர்